சொல்லிவிட்டுத் தொலைந்த ஒச்சப்பன்

சத்தியம் பண்ணிச் சொல்கிறேன், நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். இதில் ஒரு சொல் பொய்யாக இருந்தாலும் என் வாயில் மிச்சமிருக்கிற நாலு பல்லும் இன்றைக்கே விழட்டும். போன கதைக்கும் பல் மேல்தான் சத்தியம் பண்ணினேன். அப்போது ஏழு இருந்தது. அது வயசுக் கோளாறு. கதைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

தெக்காலப்பட்டி என்று ஓர் ஊர். நொண்டிக்கரட்டுக்கு வடக்கே இருக்கிறது. பேர் வைத்த அன்றைக்கு எல்லோரும் திரும்பி நின்றிருந்தார்களாம். கரடு என்றதும் பெரிய மலை என்று நினைத்துவிடாதீர்கள். காலையில் ஏறின ஆடு கஞ்சி நேரத்துக்குள் மறுபக்கம் இறங்கிவிடும். உச்சியில் நின்று மூக்கை நீட்டினால் ஊரில் எந்த வீட்டில் என்ன குழம்பு என்பது தெரியும். அந்தக் கரட்டில்தான் தெக்காலப்பட்டிக்காரர்கள் மாசத்துக்கு ஒருத்தராவது காணாமல் போவார்கள்.

தொலைந்தவனைத் தேட வேண்டுமே. அதற்கு அந்த ஊரில் ஒரு முறை இருந்தது. முன்னால் இரண்டு பேர் தப்பு அடித்துக்கொண்டு போக வேண்டும். நடுவில் ஒருவன் பெட்ரோமாக்ஸ் விளக்கைத் தூக்கி வர வேண்டும். பட்டப்பகலாக இருந்தாலும் விளக்கில்லாமல் தேடினால் அது தேடினதாக ஆகாது. பின்னால் ஓர் அண்டா, அரை மூட்டை அரிசி, ஒரு கிடா. பசியோடு தேடுகிறவனுக்குக் கண் தெரியாது என்பது அந்த ஊர்ப் பெரியவர்கள் கண்டுபிடித்த உண்மை.

தப்புச் சத்தத்தில் தொலைந்தவன் கத்துவது கேட்காது. தப்பித்தவறிக் கேட்டுவிட்டால், "யாருப்பா அங்க, சும்மா இரு. இங்க ஒரு ஆளைத் தேடிக்கிட்டிருக்கோம்ல" என்று ஓர் அதட்டுப் போட்டுவிட்டு மேலே போய்க்கொண்டே இருப்பார்கள்.

இப்படித் தேடித் தேடி, அம்மன் திருவிழாவுக்கு வைத்திருந்த ஊர்ப்பணம் முழுக்க அண்டாவுக்குள் போய்விட்டது. அந்த வருஷம் அம்மனுக்கு ஒரு முழம் பூவும் ஒரு கட்டிச் சூடமும்தான். அந்தப் பக்கம் சைக்கிளில் வந்த வனக்காவலர் ஒருத்தர் இதைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"அசால்ட்டாப் போயித் தொலையிறது ஒருத்தன், கிடா வெட்டுறது ஊரா? கவனமில்லாமத் தொலையிறவன்கிட்டயே தேடுற செலவை வாங்குங்கய்யா. இல்லைன்னா அவன் மாட்டைப் புடிச்சுக் கட்டுங்க. அப்பத்தான் அடுத்தவன் ஒழுங்கா நடப்பான்" என்று சொல்லிவிட்டு சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

நல்ல மனுஷன். அன்றைக்கு அவர் வாய்க்குள் ஒரு வெற்றிலை இருந்திருந்தால் இந்தக் கதையே நடந்திருக்காது.

ஊர்த்தலைவர் பெத்தணன் அன்று சாயங்காலமே கூட்டம் கூட்டினார். தலைப்பாகையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு சொன்னார்.

"அவர் சொன்னதுல ஒரு சொல்லை எல்லாரும் பிடிச்சுக்கிறணும். கவனமில்லாமத் தொலையிறவன்னு சொன்னாரு. அப்ப, கவனமாத் தொலையிறவனும் ஒருத்தன் இருக்கான்னு ஆகுதில்ல?"

கூட்டம் யோசித்துப் பார்த்தது. ஆகத்தான் செய்தது.

"கவனமாத் தொலையிறதுன்னா எப்பிடி மாமா?" என்று கேட்டான் காசிமாயன். தேடுதல் சமையல் எப்போதும் அவன் பொறுப்பு.

"சொல்லிட்டுத் தொலையணும். என்னைக்கு, எத்தனை மணிக்கு, எந்த இடத்துல. அப்பிடித் தொலைஞ்சா ஊர்ச் செலவு. சொல்லாமக் கொள்ளாமத் தொலைஞ்சா அது அசட்டை. வீட்டுல நிக்கிற மாட்டை அவுத்துரலாம்."

"சொல்லிட்டுப் போயித் தொலையாம வந்துட்டா?"

பெத்தணன் அவனைக் கடுமையாகப் பார்த்தார். "அது அதைவிட அசட்டை. அண்டாவைத் தூக்கிக்கிட்டு மேல போற இருபது பேரு முட்டாப்பயலுகளா? அதுக்கும் மாடுதான்."

மூன்றாம் வகுப்புவரை படித்த தவமணி மறுநாளே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, அட்டையில் 'தொலைவோர் நோட்டு' என்று எழுதினான்.

இப்போது ஒச்சப்பன் சங்கதிக்கு வருவோம். ஒச்சப்பனுக்கு நிலமில்லை, தோப்பில்லை. ஓர் எருமை உண்டு. அதன் பாலை விற்றுத்தான் அவன் வீட்டில் உலை கொதித்தது. அந்த எருமை நிறைசினையாக நின்றது. இன்றைக்கோ நாளைக்கோ என்று மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. கன்று போட்டதும் நஞ்சுக்கொடி விழ மூங்கில் இலை கொடுக்க வேண்டும். மூங்கில் கரட்டு மேல்தான் இருந்தது.

"வெயில் ஏறுறதுக்குள்ள போயி ரெண்டு கை இலையை ஒடிச்சுட்டு வந்துருங்க" என்றாள் அவன் பெண்டாட்டி மாயக்காள்.

"வந்துருவேன்னு எப்பிடிச் சொல்றது? எழுதாமப் போயி வழி தப்பிட்டேன்னு வையி, எருமையை அவுத்துட்டுப் போயிருவாங்க. எதுக்கும் நோட்டுல ஒரு வரி எழுதி வச்சுட்டுப் போறேன். அதுதான் எருமைக்குப் பாதுகாப்பு."

"எழுதிட்டுப் போயித் தொலையாம வந்துட்டா?"

"ஒன் வாயில நல்ல வார்த்தையே வராதா?" என்று கேட்டுவிட்டு அவன் தவமணி வீட்டுக்குப் போனான்.

தவமணி நோட்டைப் பிரித்தான். "பேரு?"

"ஒனக்குத் தெரியாதாக்கும்?"

"தொலையிறவன் பேரை அவன் வாயாலதான் சொல்லணும்."

"ஒச்சப்பன்."

"தொலையிற இடம்?"

"ரெட்டைப்பாறைக்குக் கிழக்க."

"நேரம்?"

"பத்து மணின்னு போடு."

"காரணம்?"

"மூங்கில் இலை."

"கண்டுபிடிக்கிறப்ப எப்பிடி இருப்ப?"

ஒச்சப்பன் கண்ணை மூடி யோசித்தான். "பசியோட இருப்பேன்."

எல்லாவற்றையும் எழுதி, கீழே அவன் கட்டைவிரலையும் உருட்டி வாங்கிக்கொண்டான் தவமணி.

ஒச்சப்பன் கரட்டில் ஏறினான். அவன் கெட்ட நேரம், மூங்கில் அரை மணி நேரத்தில் கிடைத்துவிட்டது. இலையை ஒடித்துத் துண்டில் கட்டிக்கொண்டு திரும்பிப் பார்த்தால் கீழே அவன் வீடு தெரிந்தது. எருமை தெரிந்தது. மாயக்காள் ஒரு கோழியை விரட்டிக்கொண்டு ஓடுவது தெரிந்தது. எந்தப் பக்கம் திரும்பினாலும் வழி பளிச்சென்று கிடந்தது. பத்து மணிக்குள் எப்படியாவது தொலைந்தாக வேண்டுமே.

வேட்டி முனையைக் கிழித்துக் கண்ணைக் கட்டிக்கொண்டான். நின்ற இடத்திலேயே ஏழு சுற்றுச் சுற்றினான். கால் போன போக்கில் நடந்தான். நடந்து, விழுந்து, உருண்டு, கடைசியில் ஒரு மரத்தில் போய் முட்டினான். கண்கட்டை அவிழ்த்துப் பார்த்தால், அவன் வீட்டுக் கொல்லையில் நிற்கிற வேப்பமரம்.

"வந்துட்டீகளா? இலையைக் குடுங்க" என்றாள் மாயக்காள்.

"பேசாத. என்னைப் பாக்காத. நான் தொலைஞ்சுக்கிட்டிருக்கேன்."

"சரி, இலையையாவது குடுத்துட்டுத் தொலைங்க."

"நோட்டுல காரணம் மூங்கில் இலைன்னு இருக்கு. இலை இல்லாமத் தொலைஞ்சா காரணமில்லாமத் தொலைஞ்சதா ஆயிரும்" என்று மூட்டையை இடுப்பில் இறுக்கிக்கொண்டு திரும்பவும் மேலே ஓடினான்.

இந்தத் தடவை சுற்றல் வேலையெல்லாம் வேண்டாம், நேராக ரெட்டைப்பாறைக்கே போய்த் தொலைந்துகொள்ளலாம் என்று முடிவு செய்தான். ஆனால் ஏழு சுற்றுச் சுற்றின தலை இன்னும் நிற்கவில்லை. ரெட்டைப்பாறை எங்கே என்று தெரியவில்லை. ஆக, தொலைய வேண்டிய இடத்துக்குப் போகிற வழியில் அவன் தொலைந்துபோனான்.

பத்து மணிக்கு ஊர் புறப்பட்டது. தப்பு, விளக்கு, அண்டா, கிடா, இருபது ஆள். கரட்டு அடிவாரத்தில் பெத்தணன் கையை உயர்த்திக் கூட்டத்தை நிறுத்தினார்.

"தேடப் போறவங்க தொலையக் கூடாது. அது ஊருக்கு அசிங்கம். ஒவ்வொரு திருப்பத்துலயும் ஒரு ஆளை நிறுத்திட்டுப் போவோம். எறங்கி வாறப்ப ஆளைப் பாத்துப் பாத்து வழியக் கண்டுக்கிறலாம்."

அருமையான யோசனை என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். முதல் திருப்பத்தில் ஒருவனை நிறுத்தினார்கள்.

"நீ இனிமே அடையாளம். நாங்க கூப்பிடுற வரைக்கும் அசையக் கூடாது."

"மூக்குல ஈ உக்காந்திருக்கு மாமா."

"அடையாளத்துக்கு ஏதுடா மூக்கு" என்றார் பெத்தணன். ஈ அங்கேயே இருந்தது.

இப்படி ரெட்டைப்பாறை போய்ச் சேருவதற்குள் பதினொரு திருப்பத்தில் பதினொரு ஆள் அடையாளமாகிவிட்டார்கள். பாறைக்குக் கிழக்கே போய்ப் பார்த்தார்கள். ஒச்சப்பன் இல்லை.

"நோட்டுல கிழக்கன்னுதான் இருக்கு" என்றான் தவமணி.

"நாமதான் வெள்ளன வந்துட்டோம் போல. தொலைஞ்சு வரணும்ல, வந்துருவான். காசி, அடுப்பைப் பத்த வையி."

கிடா வெந்தது. கரடு முழுக்க மணத்தது. காசிமாயன் ஒரு தப்பை வாங்கி நாலு தட்டுத் தட்டி, "சாப்பாடு ஆயிருச்சு, எல்லாரும் வாங்கப்பா" என்று கூப்பிட்டான். கூப்பிடுகிற வரைக்கும்தானே அசையக் கூடாது. பதினொரு அடையாளமும் மேலே ஓடி வந்து தேக்கிலையை விரித்து உட்கார்ந்துவிட்டன.

மணத்தைப் பிடித்துக்கொண்டே ஒச்சப்பனும் வந்து சேர்ந்தான். மேல் முழுக்க முள் கீறல். கண்ணில் தண்ணீர். "என்னையக் கண்டுபிடிச்சுட்டீகளா மாமா?"

பெத்தணன் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "நீ எந்தப் பக்கமிருந்து வாற?"

"மேக்கேருந்து."

"நோட்டுல கிழக்கன்னு எழுதிக் குடுத்துட்டு மேக்கேருந்து வந்தா நாங்க எப்பிடிக் கண்டுபிடிக்கிறது? உக்காந்து சாப்பிடு. அப்புறமாக் கிழக்க போயி நில்லு, கண்டுபிடிச்சிருவோம்."

ஒச்சப்பனுக்கு உயிர் வந்தது. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாதவன், மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டான். பிறகு பாறைக்குக் கிழக்கே போய்ப் பயபக்தியாக நின்றான். தவமணி நோட்டைத் திறந்து ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தான்.

"பேரு ஒச்சப்பன், சரி. இடம் கிழக்கு, சரி. மூங்கில் இலை இருக்கு, சரி. பசியோட இருப்பேன்னு போட்டிருக்கே. பசிக்குதா?"

ஒச்சப்பன் பதில் சொல்ல வாயைத் திறந்தான். ஏப்பம்தான் வந்தது.

"மூணு தடவை நான்தான் போட்டேன்" என்று வருத்தத்தோடு சாட்சி சொன்னான் காசிமாயன்.

நீண்ட ஆலோசனை நடந்தது. கடைசியில் பெத்தணன் தீர்ப்புச் சொன்னார். "இவனும் ஒச்சப்பன்தான், அதுல சந்தேகமில்லை. ஆனா நாம தேடுறது பசியோட இருக்கிற ஒச்சப்பனை. அவன் இன்னும் கிடைக்கலை. கிடைக்காமலே போயிட்டான்னா எழுதுனதுக்கு மாறா நடந்ததா ஆயிரும். அப்ப எருமையை அவுக்கிறதைத் தவிர வேற வழியில்லை."

"மாமா, அந்த எருமையை விட்டா எங்களுக்கு நாதியில்லை."

"அப்ப நீயும் வந்து தேடு. எங்களைவிட ஒனக்குத்தான் அவனை நல்லாத் தெரியும். முன்னால நட."

அன்றைக்கு ஒச்சப்பனைப் போல ஒச்சப்பனைத் தேடினவர்கள் யாருமில்லை. புதரைக் கலைத்தான், பொந்துக்குள் கையை விட்டான், பாறை பாறையாக ஏறி, "ஏ ஒச்சப்பா" என்று தொண்டை வறளக் கூப்பிட்டான். பழக்க தோஷத்தில், "இந்தா வாரேன்" என்று அவனே பதிலும் சொல்லிவிட்டான். "சும்மா இருடா, அவன் சத்தம் குடுத்தாக் கேக்க வேணாமா?" என்று பின்னாலிருந்து இருபது பேரும் அதட்டினார்கள்.

வெயில் சாய்ந்தது. அப்போது கீழேயிருந்து மாயக்காள் குரல் வந்தது. "எருமை வலியெடுத்து நிக்குது. இலை எங்கய்யா?"

ஒச்சப்பன் பதறினான். பெத்தணனும் இரக்கப்பட்டவராக, "சரி, எறங்குவோம். முதல் அடையாளம் எங்க?" என்றார்.

பதினொரு அடையாளமும் வரிசையாகப் பக்கத்தில் நின்று பல் குத்திக்கொண்டிருந்தன.

"நீ எங்கடா நின்ன?"

"ஒரு கள்ளிச்செடிக்குப் பக்கத்துல மாமா."

"அந்தக் கள்ளி எங்க இருக்கு?"

"நான் நின்ன இடத்துக்குப் பக்கத்துல."

அதற்குமேல் விசாரிக்க ஒன்றுமில்லை. கீழே ஊர் தெரிந்தது. அவரவர் வீட்டுக் கூரை தெரிந்தது. ஆனால் அடையாளம் போனபின் வழி எங்கே இருக்கும்? தவமணி நோட்டைப் புரட்டினான். அவன் முகம் வெளுத்தது.

"மாமா, நம்மள்ல ஒருத்தர் பேரும் இதுல இல்லை."

எழுதாமல் கொள்ளாமல் இருபது பேர் தொலைந்திருந்தார்கள். அசட்டையிலும் அசட்டை. இருபது வீட்டு மாட்டுக்கும் ஆபத்து. அந்த நேரம் பார்த்து மாயக்காள் குரல் பக்கத்தில் கேட்டது. பொறுக்க முடியாமல் அவளே மேலேறி வந்துகொண்டிருந்தாள்.

"அவ பாத்துட்டா நாம கிடைச்சதா ஆயிரும்" என்று கிசுகிசுத்தார் பெத்தணன். "கிடைச்சாத்தானே செலவு. ஒளிங்கடா."

ஆளுக்கொரு பக்கம் பாய்ந்தார்கள். காசிமாயன் அண்டாவைக் கவிழ்த்து உள்ளே போய்விட்டான். பெட்ரோமாக்ஸ்காரன் புதருக்குள் பதுங்கினான். விளக்கை அணைக்க மறந்ததால் புதர் மாரியம்மன் சப்பரம் மாதிரி ஜொலித்தது. ஒச்சப்பனையும் ஒருவன் இழுத்துப் பாறைக்குப் பின்னால் அமுக்கினான்.

"கன்னோட ரெண்டு கால் வெளிய தெரியுது. இலை வேணும்யா, எங்கதான் இருக்கீக?" மாயக்காள் குரல் உடைந்திருந்தது.

ஒச்சப்பன் பாறைக்குப் பின்னால் கணக்குப் போட்டான். எழுந்தால் எழுதினதற்கு மாறாகக் கிடைத்ததாக ஆகி, எருமையை ஊர் அவிழ்த்துக்கொள்ளும். எழாவிட்டால் எருமை என்ன ஆகுமோ. அவன் தன் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான் சரியாக யோசித்தான். அது இந்தத் தடவை. 'போறது போகட்டும், உசுரோட போகட்டும்' என்று எழுந்துவிட்டான்.

"இங்கதான் இருக்கேன் மாயக்கா. கத்திக் கத்திக் குடலெல்லாம் காஞ்சுபோச்சு. பசிக்குது."

ஒரு புதர் பேசியது. "மாமா, நிக்கிறது கிழக்கு. கையில இலை. பசி. எல்லாம் ஒத்து வருது." தவமணி ஒளிந்திருந்தாலும் நோட்டைக் கீழே வைக்கவில்லை.

பாறையும் பேசியது. "அப்ப ஒச்சப்பன் கவனமாத்தான் தொலைஞ்சிருக்கான். எருமையை யாரும் தொடக் கூடாது."

மாயக்காள் இடுப்பில் கையை வைத்தாள். "யாரது பேசுறது?"

"யாரும் இல்லை மதினி" என்றது அண்டா.

அவள் ஒரே பார்வையில் இருபது பேரையும் பார்த்துவிட்டாள். "நல்லாருக்கு. சட்டம் போட்டது நீங்கதானே. எழுதாமத் தொலைஞ்சீக, நான் வந்து கண்டுபிடிச்சேன். மாடெல்லாம் எனக்கு வேணாம், கட்ட எடமில்லை. ஆளுக்கு ஒரு கட்டுப் பசும்புல்லு, தலைவருக்குப் பத்து. வீடு போய்ச் சேரணும்கிறவங்க என் பின்னாடியே நடங்க." சொல்லிவிட்டு ஒச்சப்பன் கையைப் பிடித்துக்கொண்டு விறுவிறுவென்று இறங்கினாள். ஊரே பின்னால் இறங்கியது. காசிமாயன் மட்டும் அண்டாவோடு நடந்து அண்டாவோடு விழுந்து அண்டாவோடு வந்து சேர்ந்தான்.

எருமை கிடேரிக் கன்று போட்டது. இலை தின்றது, நஞ்சும் விழுந்தது. ஒச்சப்பன் கன்றைத் துடைத்துக்கொண்டே அழுதான். மறுநாள் காலை வாசலில் பதினெட்டுக் கட்டுப் புல் வந்து விழுந்தது.

பத்துக் கட்டுக் கொடுக்க மனசு வராத பெத்தணன், தான் இன்னும் கிடைக்கவே இல்லை என்று சொல்லிவிட்டார். தவமணியும் நோட்டில் அப்படியே எழுதிவிட்டான். இன்றுவரை அவர் காணாமல்தான் போயிருக்கிறார். காலையில் வீட்டில் கஞ்சி குடிக்கிறார், பெண்டாட்டியோடு சண்டை போடுகிறார், ஊர்க்கூட்டத்துக்கும் தலைமை தாங்குகிறார். யாராவது மறந்துபோய்க் கும்பிட்டுவிட்டால், "கையை எறக்குடா, நான் கிடைச்சிரப் போறேன்" என்கிறார். மாசத்துக்கொரு தடவை தப்பு, அண்டாவோடு ஊரே அவரைத் தேடிக் கரட்டுக்குப் போகிறது. பெட்ரோமாக்ஸைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடப்பவர் பெத்தணன்தான். அவர் முகம் அவருக்குத்தான் நன்றாகத் தெரியுமாம்.

இதையெல்லாம் யார் சொன்னது என்று எவராவது கேட்டால், பஸ்ஸில் யாரோ பேசிக்கொண்டு வந்தார்கள் என்று சொல்லிவையுங்கள். பத்தொன்பதாவது கட்டுப் புல் இன்னும் பாக்கி. உங்கள் வாயில் என் பேர் வந்துவிட்டால் நானும் கிடைத்ததாக ஆகிவிடும்; குனிந்து புல் அறுக்க இந்த இடுப்பு இனி வளையாது.